மூன்று எழுத்து வழிந்த இடம்

அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதிலிருந்த ஓட்டைகளை வலக்கைச் சுட்டுவிரல் ஒவ்வொன்றாகத் தடவிச் சென்றது. இடக்கைப் பெருவிரல், மேசையில் விரித்திருந்த தாளில் அதே வரியை அழுத்திக்கொண்டிருந்தது. எட்டு எழுத்து. ஒரு தடவை முன்னாலிருந்து, ஒரு தடவை பின்னாலிருந்து. முன்னாலிருந்து மட்டும் படித்தால், இருக்க வேண்டியதைக் கண் தானாகவே போட்டுக்கொள்ளும். பின்னாலிருந்து படித்தால் அந்தச் சலுகை கிடையாது. எட்டும் சரி. அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகள் அடுத்ததை எடுத்தன. மொத்தம் ஆறு அட்டைகள். சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டேகால். பன்னிரண்டு மணிக்கு விசாரணை.

அறை, தேயிலை ஃபேக்டரியின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் கூடத்தை ஒட்டி இருந்தது. மலைக் குளிருக்கு ஏர்கண்டிஷன் வேண்டாம், வாட்டும் கூடத்து வெதுவெதுப்பால் ஈரமும் ஏறாது என்று யோசித்து, தோட்டத்துக் கம்பெனி 1981இல் தன் கம்ப்யூட்டரை அங்கே கொண்டுவந்து வைத்தது. கோலாலம்பூரில் வேறொரு ஆபீஸ் பயன்படுத்திவிட்டுத் தள்ளிய பழைய மெஷின். அதை ஓட்டப் பட்டணத்திலிருந்து வந்த இரண்டு பேர் எட்டு மாதம் குளிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன கையேடுகளை அகராதியோடு உட்கார்ந்து படித்து, ஒவ்வொரு கட்டளைக்கும் தமிழில் பொருள் எழுதிப் பள்ளிக்கூட நோட்டு பதினொன்றை நிரப்பியவள்தான் இப்போது அந்த அறைக்குப் பொறுப்பு. பெயர் ரஞ்சிதம். அந்த 1984இல் அவளுக்கு முப்பது வயது.

தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். பதினேழு வயதில் ஃபேக்டரியில் குச்சி பொறுக்கப் போனாள். சலித்த தேயிலையை வெள்ளைத் துணியில் பரப்பி, அதில் கலந்து கிடக்கும் சிவந்த குச்சிகளை ஆய்ந்து எடுக்கும் வேலை. தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் குச்சி தப்பிவிடும். தேயிலை அல்லாததை மட்டுமே பார்க்க வேண்டும். பத்து வருடம் அப்படிப் பார்த்த கண்ணை, அட்டையில் ஓட்டை போடும் மெஷின் வந்தபோது ஆபீசுக்கு மாற்றினார்கள். அன்றைக்கு மாடிப்படியில் நின்று, "குச்சி பொறுக்குன கை, இனிமே ஓட்டை பொறுக்கப் போவுதாம்!" என்று சொல்லிச் சிரித்தவர் சின்னையா; மருந்தடிப்புக் கணக்கு எழுதும் குமாஸ்தா, தோட்டத்து வழக்கில் மருந்துக் கிராணி.

அந்தச் சின்னையாவின் வேலையும் வீடும்தான் இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குப் போகவிருந்தன.

தோட்டத்தில் பூச்சிக்கு மருந்தடித்த மலையில், அதாவது நம்பரிட்ட தேயிலைப் பகுதியில், பதினாலு நாள் கொழுந்து எடுக்கக் கூடாது. எந்த மலை மூடியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று நாள்தோறும் புதிதாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது சின்னையாவின் வேலை. மூடியதற்கு T, திறந்ததற்கு B. மலாயில் மூடு, திற என்ற சொற்களின் முதல் எழுத்துகள். தினமும் சாயங்காலம் பட்டியல் அச்சாகும். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் களத்தில், கங்காணிமார் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பெண்களை மலைக்கு அனுப்புவார்கள். முன்பெல்லாம் மருந்தடித்த மலையின் வாயிலில் சிவப்புத் துணி கட்டுவதுண்டு. மெஷின் வந்ததும் அந்தப் பழக்கம் நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை பட்டியலில் பதினாலாம் நம்பர் மலைக்கு நேரே T இல்லை. முந்திய சனிக்கிழமைதான் அங்கே மருந்தடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையில் வாடை போய்விட்டது. பெண்கள் போய்க் கொழுந்து எடுத்தார்கள். பத்து மணிக்கு முதல் ஆள் விழுந்தாள். மதியத்துக்குள் பதினோரு பேர். சின்னையா அன்று லீவில் பக்கத்து ஊரான ரிங்லெட்டுக்குப் போயிருந்தார்.

ரஞ்சிதத்தின் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி அம்மாக்கண்ணு அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. லைன் வீடுகளைப் பிரிக்கும் பலகைத் தடுப்பு கூரைவரை போகாது. தகரத்துக்குக் கீழே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அவள் இரவெல்லாம் வாந்தி எடுத்த சத்தம் அந்த ஒரு முழத்தின் வழியாக வந்துகொண்டிருந்தது. புதன்கிழமை காலையில் அவளே குரல் கொடுத்தாள்.

"ஏண்டி ரஞ்சி, இருக்கியா?"

"இருக்கேன்க்கா. கஞ்சி குடிச்சீங்களா?"

"குடிச்சேன். வந்த வழியே போயிருச்சு. அந்தச் சின்னையாப் பய பேப்பர்ல கிறுக்கிப் போட்டுட்டு ரிங்லெட்ல பொண்ணு பாக்கப் போனானாமே? நல்லாப் பாக்கட்டும். மருந்துத் தண்ணியில பாயாசம் வச்சுக் குடுக்குற பொண்ணாக் கெடைக்கட்டும்."

"அவர் தம்பிக்குப் பாக்கத்தான் போனாருக்கா."

"யாருக்குப் பாத்தா எனக்கென்னலா? நீ எதுக்கு வக்காலத்து வாங்குற? ஆபீஸ் நாற்காலியில ஒக்காந்தா ஆபீஸ்காரன் பக்கமா?"

ரஞ்சிதம் ஆபீசுக்குக் கிளம்பினாள். யாருக்காகவும் அவள் பேச வரவில்லை. செவ்வாய்க்கிழமைப் பட்டியலின் நகலை அவள் பார்த்திருந்தாள். பதினாலாம் நம்பருக்கு நேரே B இருந்திருந்தால் சின்னையா தப்பாக அடித்துவிட்டார் என்று விட்டிருப்பாள். அங்கே B இல்லை, எதுவுமே இல்லை. T தவிர எது இருந்தாலும் திறந்த மலை என்றே நிரல் எடுத்துக்கொள்ளும்; வெறும் இடமானாலும் அப்படித்தான். ஆனால் சின்னையா ஒரு நாளும் வெறும் இடம் விடுபவர் இல்லை. மூன்று வருடத்தில் அவள் அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. அந்த வெற்றிடம் வெள்ளைத் துணியில் கிடந்த குச்சி மாதிரி அவள் கண்ணில் பட்டது.

பழைய பட்டியல்களையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். போன மாதம் ஒரு நாள் இதேபோல முதல் வரியில் வெற்றிடம். அன்று மழை கொட்டியதால் யாரும் மலைக்குப் போகவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை. இரண்டு நாளுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடினாள். இரண்டுக்கும் முந்தின நாள் கொழுந்து குவிந்த நாள். அறுபத்தேழு பேர் வேலைக்கு வந்த நாள். அந்த வருடத்தில் வேறெந்த நாளும் அறுபத்தாறைத் தாண்டவில்லை.

அவள் கையேட்டில் மெஷினின் நினைவைப் பற்றிய பக்கத்தைப் பிரித்தாள்.

அந்த மெஷினின் வித்தை என்னவென்றால், அது ஒன்றாக இருந்துகொண்டு மூன்றாக நடிக்கும். அதன் நினைவை லைன் வீடுபோல அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மெஷின் இருப்பதுபோல ஒரு தலைமை நிரல் காட்டிக்கொண்டிருக்கும். ஆபீசில் அவற்றைப் பொய்மெஷின் என்பார்கள். கொழுந்து நிறுவைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று. ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது. ஒன்றின் அறையில் மற்றது கைவைக்க முடியாது. முடியாது என்றுதான் கையேடு சொன்னது.

நிறுவை மெஷினுக்கும் மருந்து மெஷினுக்கும் அடுத்தடுத்த அறை. தோட்டத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள்: காலை, மதியம், சாயங்காலம். அவற்றை மூன்று தனிப் பதிவுகளாக ஏற்றுவதுதான் வழக்கம். கொழுந்து பெருகிய மாதங்களில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, போன மாதம் மூன்றையும் ஒரே நீளப் பதிவாகச் சேர்த்தது ரஞ்சிதம்தான். கையேடு அதைத் தடுக்கவில்லை. இருபது நிமிட வேலை ஏழு நிமிடமானது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அறுபத்தேழு பேர் வந்தால் அந்தப் பதிவு எவ்வளவு நீளும் என்று தாளில் போட்டுப் பார்த்தாள். அறையின் கடைசியைத் தாண்டி மூன்று எழுத்து. பதிவின் கடைசி மூன்றும் வெறும் இடங்கள்தான். அடுத்த அறையின் முதல் மூன்று எழுத்து, மருந்துப் பட்டியலின் முதல் வரித் தொடக்கம்: ஒரு T, பிறகு இரண்டு வெறும் இடம். கடைசியாக மருந்தடித்த மலைதான் எப்போதும் பட்டியலில் முதல் வரி. விஷம் அதிகமாக இருக்கும் மலையின் அடையாளம்தான் ஒவ்வொரு தடவையும் அழிந்திருக்கிறது. குப்பை எழுத்து எதுவும் விழாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் மேனேஜரின் அனுமதியோடு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன் போட்டாள். எஞ்சினியர் நாகப்பன் பேசினார்.

"இங்க பாருங்கம்மா, ஒரு மெஷின்லருந்து இன்னொண்ணுக்குப் போகவே முடியாது. அதுக்குத்தானே இந்த சிஸ்டமே இருக்கு. உங்க கிராணி அடிக்க மறந்துட்டாரு. நாளைக்கு விசாரணைக்கு வர்றேன், வந்து அதையே சொல்றேன்."

"தலைமை நிரல் பதிவோட ஆரம்பத்தை மட்டும் பாத்துட்டு உள்ள விட்டா? முடிவு எங்க போய் நிக்குதுன்னு பாக்காம விட்டா?"

"அப்படியெல்லாம் விடாது."

"வாசல்ல ஆளைப் பாத்துட்டு, தோள்ல இருக்கிற மூங்கில் எவ்ளோ நீளம்னு பாக்காம விட்டா அடுத்த வீட்டுப் பலகையை இடிக்கும்லா சார்?"

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. "நாளைக்கு வர்றேம்மா."

போனை வைத்ததும், தலைமை நிரலுக்குத் திருத்தம் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடினாள். கம்பெனி மாதாமாதம் அனுப்பும் திருத்தப் புத்தகங்கள் ஆபீஸ் அலமாரியில் இல்லை. பட்டணத்து ஆட்கள் போன பிறகு அவற்றைப் பிரிக்கவே யாரும் இல்லை. தேடித் தேடி, தேயிலை ருசி பார்க்கும் அறையில் ஆடும் மேசைக்குக் காலடியில் நான்கைக் கண்டெடுத்தாள். மூன்றாவதில், பக்கத்தின் அடியில், மூன்று வரி இருந்தது. நீளமான உள்வாங்கல்கள் சில சமயம் பிறர் நினைவை அழிக்கக்கூடும், திருத்தம் கீழே. ஒன்பது மாதத்துக்கு முந்திய தேதி. ஓட்டை ஊருக்கெல்லாம் அடைபட்டிருந்தது. இங்கே மட்டும் அந்தத் திருத்தம் ஒரு மேசையைத் தாங்கிக்கொண்டு கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் ஜோசப் துரையிடம் போனாள்.

"மெஷின் தப்புப் பண்ணுச்சுங்கிற. அவன் தப்புப் பண்ணலைங்கிற. புரியுற மாதிரிக் காட்டுவியா?"

"திருத்தாம ஒரு தடவை ஓட்டுறேன், அந்த எழுத்து அழியும். திருத்திட்டு ஒரு தடவை ஓட்டுறேன், அழியாது. ரெண்டு பேப்பரையும் குடுக்குறேன் துரை."

"தலைமை நிரல்ல கை வச்சு மெஷின் படுத்துருச்சுன்னா?"

"நான்தான் பதில். இன்னொண்ணும் சொல்லிடுறேன். மூணு நிறுவையையும் ஒண்ணா சேத்தது நான்தான். சேக்காம இருந்தா இது நடந்திருக்காது."

துரை திருத்தப் புத்தகத்தை மூடினார். "அதை எங்கிட்டச் சொல்லியிருக்க வேண்டாம், தெரியுமா?"

"அதைச் சொல்லாம மத்ததைச் சொல்ல முடியாது துரை."

"நாளைக்குக் காலையில எட்டுலருந்து பதினொண்ணு. கீழ கொழுந்து உருட்டுற ரோலர் ஓட ஆரம்பிச்சா கரண்ட் இறங்கும். அதுக்குள்ள முடி."

இப்படித்தான் வெள்ளிக்கிழமை எட்டேகாலுக்கு அவள் கையில் ஆறு அட்டைகள் இருந்தன.

மாடிப்படியில் செருமல் கேட்டது. சின்னையா. நான்கு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"உள்ள வரக் கூடாதுன்னுட்டாங்க. இங்கயே நிக்கிறேன்."

"நில்லுங்க. பேசாதீங்க."

"ஒண்ணே ஒண்ணு..."

"கிராணி, எழுத்து எண்ணிட்டிருக்கேன்."

அவர் அடங்கினார். ஆறாவது அட்டையும் முடிந்த பிறகு அவளே திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"தப்பு என்னுதுதான்னு எழுதிக் குடுத்துட்டா, புள்ளைங்க பரீட்சை முடியிறவரைக்கும் வீட்டை விட்டுவைப்பாங்களாம். எழுதிட்டேன். ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன் ரஞ்சிதம். T அடிச்சது ஞாபகம் இருக்கு. ஆனா நெசமாவே அடிச்சேனா, அடிச்ச மாதிரி நெனைக்கிறேனான்னு இப்பத் தெரியல."

"பன்னெண்டு மணிவரைக்கும் அதைப் பையிலேயே வைங்க."

முதல் ஓட்டம் சுலபம். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவிட்டு, மருந்துப் பட்டியலில் பதினாலாம் நம்பருக்குச் செவ்வாய்க்குப் பிறகு திரும்பப் போட்ட T இருப்பதை அச்சிட்டுப் பார்த்தாள். பிறகு திங்கட்கிழமையின் நிறுவைப் பதிவை, அறுபத்தேழு பேரோடு, நிறுவை மெஷினில் ஏற்றினாள். மருந்து மெஷினை அவள் தொடவே இல்லை. மறுபடி பட்டியலை அச்சிட்டாள். முதல் வரியில் வெறும் இடம். மணி ஒன்பது ஐந்து.

தாளைப் படிக்கட்டுப் பக்கம் தூக்கிக் காட்டினாள். சின்னையா கழுத்தை நீட்டிப் பார்த்தார். படியில் உட்கார்ந்துவிட்டார்.

இனித் திருத்தம். திருத்த அட்டைகள் இரண்டு விதம். முதல் விதம், இந்த இடத்தில் இந்த எட்டு எழுத்து இருக்கிறதா என்று கேட்கும். இருந்தால்தான் இரண்டாவது விதம், அதை எடுத்துவிட்டு இதை வை என்று சொல்லும். அட்டைகளை ஏற்றினாள். மெஷின் ஒரே வரியில் மறுத்தது: சொன்ன இடத்தில் சொன்ன எழுத்து இல்லை.

மெஷின் பழையது. தலைமை நிரலும் பழைய பதிப்பு. புத்தகத்தில் போட்டிருந்தது புதிய பதிப்புக்கான இடம். கேள்வி அட்டையை எடுத்துவிட்டால் மெஷின் மறுக்காது; கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடும். எங்கே எழுதும் என்பதுதான் தெரியாது. கோலாலம்பூர் ஆட்கள் அப்படிச் செய்து இரண்டு நாள் மெஷினை முடக்கியதை அவள் பார்த்திருந்தாள்.

தலைமை நிரலின் அச்சுப் பிரதி முழங்கால் உயரம் இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் பிரித்துத் தரையில் விரித்தாள். வரி வரியாக எழுத்தும் எண்ணும். முழங்காலிட்டு, அடிக்கோலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். ஒன்பதே முக்காலுக்கு அந்த எட்டு எழுத்தும் அகப்பட்டன, சொன்ன இடத்துக்கு நாற்பத்தெட்டு எழுத்து கீழே. கை அட்டைக்குப் போனது. நின்றது. அடுத்த பக்கத்தையும் பார்க்காமல் எழுந்திருக்க அவளால் முடியவில்லை. அடுத்த பக்கத்தில், அதே எட்டு எழுத்து இன்னொரு தடவை இருந்தது.

"என்னாச்சு?" என்றார் சின்னையா.

"ரெண்டு இடத்துல இருக்கு."

"ரெண்டுலயும் போட்டுருங்களேன்."

"ஒண்ணு உள்ள வாங்குற வழி. ஒண்ணு வெளிய குடுக்குற வழி. எது எதுன்னு தெரியாம போட்டா, நாளைக்கு எந்தப் பேப்பரையும் நம்ப முடியாது."

மணி பத்து ஐந்து. கீழே ஃபேக்டரியில் ரோலர்களைத் துடைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு இடங்களிலிருந்தும் மேல்நோக்கிப் படித்துக்கொண்டு போனாள். முதல் இடத்துக்கு முப்பது வரி மேலே ஒரு சோதனை இருந்தது. வந்திருக்கும் வேண்டுகோளின் குறி இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று அது பார்த்தது. ஆறாவது நோட்டைப் புரட்டினாள். இரட்டைப்படை என்றால் உள்வாங்கல் என்று தன் கையெழுத்தில் எழுதியிருந்தது. ஒரு தடவை எழுதியதை அப்படியே நம்ப மனமில்லாமல், ஆங்கிலக் கையேட்டையும் எடுத்து அதே பக்கத்தைப் பார்த்தாள். சரி. சோதனையின் இரட்டைப்படைக் கிளை எங்கே போகிறது என்று விரலால் பின்தொடர்ந்தாள். அது முதல் இடத்துக்கு வந்து நின்றது.

மணி பத்து முப்பத்தைந்து.

புது இடத்தைக் குறித்து, இட எண் உள்ள மூன்று அட்டைகளை மட்டும் மறுபடி துளைத்து, இரண்டு பக்கமிருந்தும் சரிபார்த்தாள். ஏற்றினாள். கேள்விக்கு மெஷின் ஆம் என்றது. எழுத்துகள் மாறின. இனி மெஷினை நிறுத்தித் திரும்ப எழுப்ப வேண்டும். அதற்கு ஒன்பது நிமிடம்.

பத்து ஐம்பத்தொன்றுக்கு மெஷின் எழுந்தது. நகலிலிருந்து T உள்ள பட்டியலைத் திரும்ப வைத்தாள். அதே அறுபத்தேழு பேரை ஏற்றினாள். இந்தத் தடவை நிறுவை மெஷின் நின்றது. பதிவு எல்லையைத் தாண்டுகிறது, அனுமதி இல்லை என்று ஒரு வரி விழுந்தது. மருந்துப் பட்டியலை அச்சிடச் சொன்னாள். அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியபோதே விளக்கு மங்கிற்று. கீழே முதல் ரோலர் உறுமியது. ஐந்து நிமிடம் முந்திவிட்டார்கள். அச்சுத் தலை தயங்கித் தயங்கிப் போயிற்று. தாள் முழுசாக வெளியே வரும்வரை அவள் அதைத் தொடவில்லை.

முதல் வரியில் T.

பன்னிரண்டு மணிக்கு, வளைவுச் சாலையில் தலைசுற்றி வெளுத்த முகத்தோடு நாகப்பன் வந்து சேர்ந்தார். துரையின் அறையில் உட்கார்ந்து இரண்டு தாளையும் திருத்தப் புத்தகத்தையும் அச்சுப் பிரதியையும் பார்த்தார். சிரிக்கவில்லை.

"ரெண்டாவது இடத்தை நீங்க தொடலையா?"

"இல்ல சார். அது வெளிய போற வழின்னு நெனச்சேன். சரியான்னு நீங்க பாத்துச் சொல்லணும்."

அவர் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். அந்தக் கால் மணி நேரமும் சின்னையாவின் கை சட்டைப்பை மேலேயே இருந்தது. கடைசியில் நாகப்பன் அச்சுப் பிரதியை மூடி வைத்தார்.

"சரியா இருக்கு. கிராணி அடிச்ச T-யை நிறுவைப் பதிவுதான் அழிச்சிருக்கு. தப்பு எங்க நிரலோடது. ஒம்பது மாசம் முந்தியே நாங்க வந்து போட்டிருக்கணும்."

"எழுதிக் குடுப்பீங்களா?" என்றார் துரை.

"குடுக்குறேன்."

துரை சின்னையாவைப் பார்த்தார். "பையில என்ன இருந்தாலும் கிழிச்சுப் போடு. ஆஸ்பத்திரியில இன்னும் மூணு பேர் இருக்காங்க. சாயங்காலம் போய்ப் பாத்து நடந்ததைச் சொல்லு. நானும் வர்றேன்." பிறகு ரஞ்சிதத்திடம், "நிறுவையைச் சேத்ததை நான் மேலே எழுதித்தான் ஆகணும்" என்றார்.

"எழுதுங்க துரை. இன்னைக்கிலருந்து மூணையும் தனித்தனியா ஏத்துறேன்."

"நாளைப் பெரட்டுக்குப் பட்டியல்?"

ரஞ்சிதம் மாடிக்குப் போனாள். மூடிய மலைகளை மருந்தடிப்பு நோட்டுக் குறிப்போடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, சனிக்கிழமைக்கான பட்டியலை அச்சிட்டாள். ஓரத்துத் துளைப்பட்டையைக் கிழித்தாள். அறை வாசலில் சின்னையா நின்றிருந்தார். இன்னும் உள்ளே காலடி வைக்கவில்லை.

"வாங்க கிராணி. பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்று பட்டியலை நீட்டினாள்.

அவர் உள்ளே வந்து, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.